குடியை விட்டாச்சு, ஆனா படபடப்பு வந்தா உயிரே போயிடும் போல கீது. சிரசு திருவிழாவுக்குப் போகலாமா?

தறிக்காரன், குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்துக்காரன், வயசு 41. கைத்தறியில கைலி நெய்யிறேன். எங்க அப்பா நெய்த அதே குழித்தறிதான். மயானக் கொள்ளை முடிஞ்ச கையோட என் மச்சான் என்னை வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தார். ஊசி, மாத்திரை எல்லாம் குடுத்து நடுக்கத்தை அடக்கி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடல. தினம் காலையில, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிரம் மாத்திரையை ஊட்டுக்காரி கையாலதான் வாங்கி முழுங்குறேன்.

குடிக்கணும்ங்கிற ஆசை இப்ப குறைஞ்சு போச்சு. ஆனா வேற ஒண்ணு பிடிச்சிகிச்சு.

போன வாரம் மத்தியானம் நெய்துகினு இருந்தேன். பாவுல ஒரு இழை அறுந்துச்சு. குனிஞ்சு பிணைச்சிட்டு நிமிர்ந்தேன், நெஞ்சு திடும் திடும்னு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. காதுக்குள்ள ஒரே இரைச்சல். விரல் நுனி எல்லாம் மரத்துப் போயி நாடாவைப் பிடிக்க முடியல. வேர்வை சொட்டுச் சொட்டா பாவு மேல விழுது, கறை ஆயிடும்னு தெரியுது, துடைக்கக் கை எழும்பல. குழியிலேர்ந்து ஏறி ஓடி வந்து திண்ணையில விழுந்தேன். இதான் சாவுன்னு நினைச்சேன். பொண்ணு தண்ணி கொண்டாந்தா, அது தொண்டையில இறங்கல. அப்பால தானாவே அடங்கிடுச்சு. பக்கத்து கிளினிக்ல ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்துல ஒண்ணும் இல்லன்னாங்க.

ஒருநாள் டவுன் பஸ்ல வந்துச்சு, ஒருநாள் மார்க்கெட்ல காய் வாங்கிகினு இருந்தப்ப வந்துச்சு. இப்ப தறியில உட்காரவே பயம். உட்கார்ந்தாலும் நெய்யிறதை விட்டுட்டு நெஞ்சு எப்படி அடிக்குதுன்னுதான் கவனிச்சிகினு இருக்கேன். கூலி பாதியா குறைஞ்சிடுச்சு.

அம்மா தர்காவுக்குக் கூட்டினு போயி மந்திரிச்சு கயிறு கட்டினாங்க. கட்டினதுலேர்ந்து அம்மாவாவது நிம்மதியா தூங்குறாங்க. பழைய கூட்டாளி ஒருத்தன், "ஒரே ஒரு கட்டிங் போடு, அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும்"ங்கிறான். எதிர் ஊட்டுக்காரர் பதட்டத்துக்கு அவர் சாப்பிடுற ஆல்பிரசோலம் மாத்திரையை ஒரு பட்டை குடுக்கிறேன்னார். இன்னொருத்தர், இது நரம்புத் தளர்ச்சி, அஸ்வகந்தாரிஷ்டம் ரெண்டு பாட்டில் சாப்பிட்டா போயிடும்னு சொல்றார்.

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு வருது, அம்மன் தலையை ஊர்வலமா எடுத்துனு போற திருவிழா. ஊரே அதுக்குத்தான் காத்துகினு கீது. எங்க தெரு சார்பா வருஷா வருஷம் மோரும் பானகமும் ஊத்துறது நாங்கதான். அந்தக் கூட்டம், மேளம், வெயில், பழைய கூட்டாளிங்க எல்லாத்தையும் நினைச்சாலே வயிறு கலங்குது. போகலாமா, ஊட்லயே இருக்கலாமா? இந்தப் படபடப்பு எப்பதான் போகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

காட்பாடி பெரியவர்

தம்பி, நீ எழுதினதைப் படிச்சதும் முதல்ல ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. நெஞ்சு அப்படி அடிச்ச நேரத்துல நீ ஓடினது திண்ணைக்கு, கடைக்கு இல்ல. அதுல பாதிக் கிணறு தாண்டிட்டே.

நான் ரயில்வேயில பாயின்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். குடியை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. நிறுத்தின புதுசுல எனக்கும் இதே கதிதான். காட்பாடி ஜங்ஷன்ல ராத்திரி டியூட்டியில, கொடியும் விளக்கும் கையில இருக்கும், திடீர்னு மூச்சு அடைக்கும். அப்போ ஒரு டாக்டர் எனக்குப் புரிய வச்சதை என் பாஷையில சொல்றேன். குடிங்கிறது வெளியிலேர்ந்து போட்ட பிரேக். வருஷக்கணக்கா அதை வச்சே வண்டி நின்னு பழகினதால உடம்பு தன் சொந்த பிரேக்கைத் தேய விட்டுடுச்சு. இப்ப வெளி பிரேக்கைக் கழட்டியாச்சு, உள் பிரேக் இன்னும் சரியா பிடிக்கல. அதனாலதான் சின்ன விஷயத்துக்கும் உடம்பு தறிகெட்டு ஓடுது. மூளையில அமைதிப்படுத்துற காபான்னு ஒண்ணு, கிளப்பி விடுற குளூட்டமேட்னு ஒண்ணு இருக்காம். அது ரெண்டும் பழைய அளவுக்குத் திரும்ப நாள் பிடிக்கும். நடுக்கம், வேர்வையெல்லாம் முதல் வாரத்தோட போயிடும். தூக்கக் கோளாறும் பயமும் மாசக்கணக்குல இழுக்கலாம். ஆனா நாளாக ஆக தேய்ஞ்சுகிட்டே போகும், தைரியமா இரு.

உன் கூட்டாளி சொல்றது பாதி நிஜம், அதுலதான் ஆபத்தே. கட்டிங் போட்டா அடங்கும். ஆனா போதை இறங்குற நேரத்துல, விடியக்காலை மூணு நாலு மணிக்கு, முன்னவிட மோசமா எழுப்பும். அதை அடக்க இன்னொண்ணு கேட்கும். நீ டைசல்ஃபிரம் வேற சாப்பிடுற. அது உடம்புல இருக்கிறப்ப சாராயம் பட்டா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடிச்சு, பிரஷர் இறங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற நிலைமை வரலாம். மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அந்தக் குணம் உடம்புல இருக்கும்.

படபடப்பு வந்தா நான் செஞ்சதைச் சொல்றேன். ஓடுறதை நிறுத்தினேன். பிளாட்பாரத்துல சிமென்ட் பெஞ்சுல உட்கார்ந்துடுவேன். கூட்ஸ் வண்டி போனா பெட்டிங்களை எண்ணுவேன். நிலக்கரி வண்டியில 58 பெட்டி இருக்கும். எண்ணி முடிக்கிறதுக்குள்ள அடிக்கிற வேகம் கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்னொண்ணு, ஒரு பழைய டைரியில எப்ப ஆரம்பிச்சுது, எப்ப அடங்குச்சுன்னு நேரம் மட்டும் எழுதிட்டே வந்தேன். அந்த டைரிதான் என் பயத்தைப் போக்குச்சு. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அரை மணியைத் தாண்டினதே இல்ல. உயிர் போயிடும்னு உடம்பு சத்தியம் பண்ணும், டைரி இல்லன்னு சொல்லும். நான் டைரியை நம்பினேன்.

தறியை மட்டும் விட்டுடாதே தம்பி. வந்த இடத்தையெல்லாம் ஒதுக்க ஆரம்பிச்சா இன்னைக்குத் தறி, நாளைக்கு பஸ், அடுத்து மார்க்கெட்னு போயி கடைசியில வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பே. அப்படிக் கிடந்தவங்களைப் பார்த்திருக்கேன். தறியில உட்காரு. வந்தா மிதியிலேர்ந்து காலை எடு, குழியை விட்டு ஏறாம அங்கேயே இரு. அடங்கினதும் நாலு இழையாவது ஓட்டிட்டு எழுந்திரு. படபடப்போட எழுந்து ஓடினா, ஓடினதாலதான் பிழைச்சோம்னு உடம்பு கத்துக்கும்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு வா. 1935-ல அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசி ஆரம்பிச்சது, இன்னைக்கு நம்ம பக்கம் வரைக்கும் வந்திருக்கு. காசு கிடையாது, ஊர் பேர் விசாரிக்க மாட்டாங்க. நெஞ்சு அடிக்குதுன்னு அங்க சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க, பாதிப் பேர் தலையாட்டுவாங்க.

---

சத்துவாச்சாரி சிஸ்டர்

அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். பெரியவர் சொன்னதெல்லாம் சரி. மருந்து விஷயத்துல சிலது சொல்லியே ஆகணும்.

உங்களுக்கு வர்றது பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு கிளம்புற கடும் பயம், மாதிரிதான் தெரியுது. அது 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் 20, 30 நிமிஷத்துல இறங்கிடும். விரல் மரத்துப் போறதுக்குக் காரணம் நரம்புத் தளர்ச்சி இல்ல. பயத்துல வேக வேகமா மூச்சு வாங்குறப்ப ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிடுது, அதனால விரலும் உதட்டைச் சுத்தியும் மரத்துப் போகும், தலை சுத்தும். அந்த நேரத்துல "நல்லா இழுத்து மூச்சு விடு"ன்னு பக்கத்துல இருக்கிறவங்க சொன்னா அதைக் கேட்காதீங்க, அது இன்னும் கூட்டும். வெளிய விடுற மூச்சை நீட்டணும். மூக்கால 4 எண்ணுற வரை மெதுவா இழுங்க, 6 எண்ணுற வரை வாயைக் குவிச்சு விடுங்க. வயித்து மேல கை வச்சுக்கிட்டா சரியா செய்யறோமான்னு தெரியும். கவரை மூக்குல வச்சு மூச்சு விடச் சொல்ற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். இதைப் படபடப்பு இல்லாத நேரத்துல தினம் பழகணும். அவசரத்துல புதுசா கத்துக்க முடியாது.

எதிர் வீட்டுக்காரரோட ஆல்பிரசோலத்தைத் தொடாதீங்க. நல்ல மனசோடதான் குடுக்கிறார். ஆனா அது டாக்டர் சீட்டு இல்லாம விற்கவே கூடாத மாத்திரை, சீக்கிரமா பழக்கமாயிடும். குடிப் பழக்கம் இருந்தவங்களுக்கு இன்னும் சீக்கிரம். ஏற்கனவே வாரக்கணக்கா சாப்பிட்டுக்கிட்டு வர்றவங்க யாராவது இதைப் படிச்சா, திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம். டாக்டர்கிட்ட போயி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும்.

அரிஷ்டம்னு பேர் வர்ற எதையும் இப்போதைக்கு வாயில வைக்காதீங்க அண்ணா! அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வச்சுச் செய்யுறது, அதுக்குள்ளேயே ஆல்கஹால் உண்டாகுது. டைசல்ஃபிரம் சாப்பிடுறவங்களுக்கு அதுவே ரியாக்‌ஷன் குடுக்கும். அந்த ரியாக்‌ஷனும் நெஞ்சு படபடப்பாத்தான் வரும், நீங்க பேனிக்னு நினைச்சுக்கிட்டு வீட்லயே இருந்துடுவீங்க. சில இருமல் டானிக்லயும் ஆல்கஹால் இருக்கு. எந்த மருந்து வாங்கினாலும் "டைசல்ஃபிரம் சாப்பிடுறேன்"னு சொல்லி வாங்குங்க.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா: நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினா, நடந்தாலோ படி ஏறினாலோ வலி வந்து உட்கார்ந்தா குறைஞ்சா, மயங்கி விழுந்தா, அரை மணிக்கு மேலயும் இறங்கலன்னா. அப்போ பேனிக்கா வேறயான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, 108 கூப்பிடுங்க. இதைப் படிச்சிட்டு வீட்லயே குடியை நிறுத்திப் பார்க்கலாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். தினம் அதிகமா குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா முதல் ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாம உளறலாம், உயிருக்கே ஆபத்து. அண்ணா மாதிரி ஆஸ்பத்திரியில சேர்ந்து நிறுத்துங்க.

அப்புறம் டீ. தறி வேலை பார்க்கிறவங்க ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும், எங்க தாத்தாவும் நெசவாளர்தான். டீ, காபி, பீடி மூணுமே நெஞ்சை வேகமா அடிக்க வைக்கும். கத்திரி வெயில்ல தண்ணி குறைஞ்சாலும், காலையில சாப்பிடாம வேலைக்கு உட்கார்ந்தாலும் அதே படபடப்புதான். குனிஞ்சு நிமிர்ந்ததும் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. வெயில்ல, வெறும் வயித்துல குனிஞ்சு எழுந்தா யாருக்குமே தலை கிர்ருன்னு வரும். அதைப் பார்த்து நீங்க பயந்ததும் மீதி எல்லாம் கிளம்பியிருக்கலாம். கூழு, மோர், உப்பு போட்ட கஞ்சித் தண்ணி எதுவா இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்க.

இவ்வளவு தூரம் தொந்தரவு இருக்கிறதால மனநல டாக்டரைத் திரும்பப் பார்க்கணும். பேனிக்குக்குப் பழக்கமாகாத மாத்திரைகள் இருக்கு. பலன் தெரிய சில வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு லேசா கூடினாலும் கூடும், பயந்து விட்டுடக்கூடாது. பேச்சு சிகிச்சையும் நல்லா வேலை செய்யும். குடியாத்தம் அரசு மருத்துவமனை ஓபி சீட்டு குடுக்கிற இடத்துல மனநல டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பாங்கன்னு கேளுங்க. அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. ராத்திரி நேரத்துல தாங்க முடியலன்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண். காசு இல்ல, தமிழ்ல பேசலாம்.

---

ஆம்பூர்க்காரி

நான் இதை அண்ணனோட வீட்டம்மாவுக்காக எழுதுறேன். அண்ணே, இதை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க.

தங்கச்சி, என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில வேலை. அவர் குடியை விட்ட நேரத்துல பாகாயத்துல சிஎம்சி மனநல ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். அங்க வீட்டு ஆள் கூடவே தங்கிப் பார்த்துக்கிற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு, நானும் தங்கினேன். அவருக்கு என்ன நடக்குதுன்னு என்னையும் உட்கார வச்சுச் சொன்னாங்க. அது இல்லன்னா வீட்டுக்கு வந்தப்புறம் நான் நிலைகுலைஞ்சு போயிருப்பேன்.

வேர்த்து விறுவிறுத்து அவர் உள்ளே வர்றப்ப நமக்கு முதல்ல தோணுறது வாயை மோந்து பார்க்கத்தான். நம்ம பட்ட பாடு அப்படி, தப்பே இல்ல. ஆனா அந்த நேரத்துல அதைச் செய்யாதே. அவர் உயிர் போகுதுன்னு பயந்துகிட்டு வர்றார், நாம சந்தேகப்பட்டா அந்த அவமானத்துலயே கடைக்குப் போயிடுவார். டைசல்ஃபிரத்தை நீதான் கையில குடுக்கிறே, அந்தக் காவல் போதும். "அய்யோ என்னாச்சு"ன்னு அலறி அக்கம்பக்கத்தைக் கூட்டாதே. பக்கத்துல உட்காரு, "இது வரும், போயிடும், நான் இங்கதான் இருக்கேன்"னு மெதுவா சொல்லு. அடங்கினதும் அதைப் பத்தியே பேசாதே. சோறு போடு, பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசு. பொண்ணுக்கும் சொல்லி வை, அப்பாவுக்கு இது கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு. பிள்ளைங்க உள்ளுக்குள்ளயே பயந்துகிட்டு கிடக்கும், வெளிய காட்டிக்காது.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. குடிநோயாளி குடும்பத்துக்குன்னே அல்-அனான் கூட்டம் இருக்கு. நான் போறேன். அங்க போயி அழுதுட்டு வந்தாலே மனசு லேசாயிடும்.

---

தறிக்காரன், குடியாத்தம்

பெரியவரே, சிஸ்டர், அக்கா, மூணு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். அக்கா எழுதினதை ஊட்ல படிச்சுக் காட்டினேன். மோந்து பார்க்கிற இடம் வந்ததும் அவ முந்தானையை வாயில வச்சுகினு உள்ள போயிட்டா. அப்புறம் வந்து, "மேல படி"ன்னா.

அரிஷ்டம் வாங்கல. மாத்திரையும் வேணாம்னு எதிர் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவருக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நேத்து தறியில வந்துச்சு. குழியை விட்டு ஏறாம இருந்தேன். அச்சுல இருக்கிற பல்லை எண்ணிகினே மூச்சு விட்டேன். பயமாத்தான் இருந்துச்சு, ஆனா அடங்குச்சு. அப்புறம் கொஞ்சம் நெய்தேன்.

சிரசுக்கு என்ன பண்றதுன்னு மட்டும் இன்னும் தெரியல. அம்மாவுக்குப் போகாம இருக்கவே மனசு வராது, எனக்கும்தான்.

---

காட்பாடி பெரியவர்

தம்பி, போ. ஆனா கூட்டத்தோட கூட்டமா இழுபட்டுப் போகாதே, ஒரு கணக்கோட போ.

சிரசு தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்லேர்ந்து காலையிலயே கிளம்பி கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்குப் போயிடும், உனக்கே தெரியும். விடியக்காலையில போயி உன் தெருப் பந்தல்ல மோர் ஊத்துற வேலையை எடுத்துக்கோ. கையில வேலை இருக்கிறவனுக்கு நெஞ்சைக் கவனிக்க நேரம் இருக்காது. பந்தல்ல நிழலும் உண்டு, தண்ணியும் உண்டு. இட்லியோ கூழோ சாப்பிட்டுட்டுப் போ. குடிக்காத உன் மச்சானைக் கூடவே வச்சுக்கோ. புலியாட்டம் ஆடுற, பம்பை அடிக்கிற இடத்துல போயி மேளத்தை ஒட்டி நிக்காதே, அந்த அதிர்வு நெஞ்சுல வந்து மோதும், நீ வேற மாதிரி நினைச்சுக்குவே. சிரசு உன் தெருவைத் தாண்டினதும் மாலையைப் போட்டு, தேங்காயை உடைச்சு கும்பிட்டுட்டு வீட்டுக்கு வா. சாயங்காலம் வாணவேடிக்கைக்குப் போகாதே, உன் கூட்டாளிங்க கூடுற நேரம் அதான். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

கூட்டாளி யாராவது கையைப் பிடிச்சா நீட்டி விளக்கம் சொல்லாதே. "டாக்டர் மருந்துல இருக்கேன், குடிச்சா ஆஸ்பத்திரிதான்"னு ஒரே பதில். நிஜமும் அதுதானே. நடுவுல படபடப்பு வந்தா பந்தலுக்குப் பின்னாடி யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்காரு. அடங்குறதுக்கு முன்னாடி வீட்டுக்குக் கிளம்பாதே. அடங்கினப்புறம் இருக்கிறதும் போறதும் உன் இஷ்டம்.

---

சத்துவாச்சாரி சிஸ்டர்

பானகம் ஊத்துங்க, நீங்களும் குடிங்க அண்ணா. வெளியில யாராவது நீட்டுற கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை மட்டும் வாங்காதீங்க, மூடி திறந்திருந்தா நிச்சயமா வேண்டாம். திருவிழாக் கூட்டத்துல அதுக்குள்ள என்ன கலந்திருக்கும்னு சொல்ல முடியாது, உங்க உடம்புல டைசல்ஃபிரம் இருக்கு.

திருவிழா முடியட்டும்னு டாக்டரைத் தள்ளிப் போட வேண்டாம், இந்த வாரமே போங்க. போறப்ப டிஸ்சார்ஜ் சீட்டு, இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. பெரியவர் சொன்ன மாதிரி நேரம் எழுதின நோட்டு இருந்தா டாக்டருக்குப் பாதி வேலை குறையும். தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் மூணும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்க, அதுல கோளாறு இருந்தாலும் இதே மாதிரி நெஞ்சு அடிக்கும். கிளினிக்ல எடுத்த ஈசிஜி பேப்பரையும் மறக்காம கொண்டு போங்க.